குரல் வைக்க ஒரு பெட்டி

என் புருஷனுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த அன்று நான் அழவில்லை, திட்டினேன். சென்னையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, "எத்தினி தபா சொன்னேன், எத்தினி தபா சொன்னேன்" என்று கத்தினேன். பீடியைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். குரல் மாறிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் வேலை பார்க்கிறவர்களில் யாருக்குக் குரல் சரியாக இருக்கிறது? மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அங்கே எல்லாருக்கும் கரகரப்புதான். அவர் அந்த மில்லில் எலக்ட்ரீஷியன். தொண்டை கட்டியிருக்கிறது, மிளகுப் பால் குடித்தால் போய்விடும் என்று நாங்கள் பாட்டுக்கு இருந்துவிட்டோம்.

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதற்குப் பிறகு மூச்சு அதன் வழியாகத்தான் போய் வரும். பேச்சு வராது. கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி இருக்கிறதாம், ஆனால் அதில் வருவது மிஷின் சத்தம், அவருடைய குரல் இல்லை. ஆபரேஷனுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்து, அதுவரை அதிகம் பேசாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற லோக்கல் ரயிலில் பொன்னேரி தாண்டியதும் அவர் கேட்டார்: "பாப்பாவுக்கு என் கொரலு ஞாபகம் இருக்குமா, மே?"

எங்கள் மகளுக்கு அப்போது நாலாவது வயது நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில் கேட்டது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? நான் இறங்குகிற இடம் வந்துவிட்டதுபோல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே அவர் பேச்சைப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தோம். முகமும் தெரியட்டும் என்று வீடியோவாகவே எடுத்தோம். சுலபமான வேலை என்று நினைத்தால் அது ஒரு பேஜாரு. எங்கள் வாடகை வீடு புதுவாயல் கூட்ரோட்டுக்கு உள்ளே இருக்கிறது. கொல்கத்தா ரோட்டில் லாரி ஓயாது. ஃபேனைப் போட்டால் அது டக் டக் என்று அடிப்பது பதிவாகிவிடும். அதனால் ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்காருவோம். நான் போனைப் பிடிப்பேன், அவர் பேசுவார். முதலில் பெரிய பெரிய விஷயமாகப் பேசினார். நன்றாகப் படிக்க வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும், ஒழுக்கம், நேர்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், எலெக்சன்ல நிக்கப் போறியா? ஊட்ல அவகிட்ட எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசுய்யா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அவராக வந்தார். "ஏந்திரிமா கண்ணு, சூரியன் உன் மூஞ்சில வந்து குந்திக்கினு கீறாரு பாரு" என்று எழுப்புவது. பல் தேய்க்கச் சொல்வது. நாஷ்டா சாப்பிடும்போது சொல்கிற நண்டுக் கதை. அவர் பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில். சின்ன வயதில் ஒரு நண்டு அவர் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்ததாம். எத்தனை தடவை சொன்னாலும் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அங்கே ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிட ஒரு நீளக் கூப்பாடு உண்டு. அதையும் பதிவு செய்தார். பாதியில் குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

ஒரு நாள் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "எல்லாம் அவளுக்கேவா? எனக்குன்னு எதுனா சொல்லேன்யா." மனுஷனுக்கு வெட்கம். போனைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். கடைசியில், "கதவ நல்லா சாத்துமே, தூசி வருது" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அதை அழிக்கவில்லை.

போன் நிறைந்துபோனது. அப்போதுதான் இதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நெட்டில் ஏற்றி வைத்தால் பத்திரம் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்கு அதில் ஏற்கெனவே சூடு பட்டிருந்தது. மகள் பிறந்தபோது எடுத்த போட்டோவெல்லாம் அப்படித்தான் ஏற்றி வைத்திருந்தோம். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் விற்ற கடைக்காரர். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், போன் வாங்கினால் கடைக்காரரே ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்துவிடுவார். போன் கெட்டுப்போய் வேறு போன் மாற்றியபோது பாஸ்வேர்டு கேட்டது. கடைக்காரருக்கே மறந்துவிட்டது. பிறந்த குழந்தையாக அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு இப்போது எங்களிடம் ஒரு படம்கூடக் கிடையாது.

"நம்ம ஜாமான் நம்ம ஊட்லதான் இருக்கணும்" என்றார் அவர். யூடியூபில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையில் அதை மாட்டிவிட்டால் டிவியில் இருந்தும் போனில் இருந்தும் அதில் இருப்பதை எடுத்துப் பார்க்கலாம். எதைப் போட்டாலும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும். "மில்லுல தண்ணி பம்ப்புக்கு ஸ்டான்ட்பை வச்சிக்கினு கீறோம்ல, அதே மாரி. ஒண்ணு பூட்டாலும் இன்னொண்ணு ஓடும்." அதற்கென்றே தயாராக விற்கிற பெட்டியும் கடையில் உண்டு. ஆனால் தன்னால் திறந்து பார்க்க முடியாத எதையும் அவர் வாங்க மாட்டார். அதனால் ஒவ்வொரு பாகமாகத் தானே பார்த்து வாங்குவது என்று கிளம்பிவிட்டார்.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. குறைவாகப் பேசச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இருக்கிற பேச்சை என்னிடம் பேசக் கூடாதா? மனுஷன் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக நின்று, அந்த உடைந்த குரலில் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பெயிண்ட் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற லைனில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போவேன். அவர் வாய் திறக்கும்போதெல்லாம், போகிற குரல் கடைக்காரனுக்குப் போகிறதே என்று பொறாமையாக இருக்கும். ஆமாம், பொறாமைதான்.

ஆனால் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. சாதாரண டிஸ்க் வேண்டாம், நிறுத்தாமல் ஓடுவதற்கென்று செய்ததைக் கொடு என்பார். இரண்டையும் ஒரே கடையில் வாங்கவில்லை. ஏன்யா இப்படி அலைய விடுகிறாய் என்று கேட்டேன். "ஒரே தபா உருக்கி ஊத்துன இரும்புல ஒரு துண்டுல கீறல் இருந்தா மீதிலயும் இருக்கும்மே. ரெண்டு டிஸ்க்கும் ஒரே லாட்டுல வந்தா ரெண்டும் ஒண்ணாப் பூடும்" என்றார். மதர்போர்டு வாங்கும்போது சூடு அதிகம் வராத சின்ன போர்டாகப் பார்த்தார். சூடு இல்லையென்றால் பெரிய ஃபேன் வேண்டாம், ஃபேன் சின்னதென்றால் தூசி உள்ளே போவது குறையும். எங்கள் பக்கத்துத் தூசி வெறும் மண் இல்லை. காந்தத்தைக் காட்டினால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அது போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகிவிடும் என்று, பெட்டியில் காற்றுப் போகிற வழியெல்லாம் கொசுவலைத் துணி வைத்து ஒட்டினார்.

மிச்சம் இருந்தது எஸ்எம்பிஎஸ். கரண்டை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை டப்பா அது.

ரிச்சி தெருக் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். பேர் தெரிந்த கம்பெனி. என் புருஷன் அதைக் கையில் வாங்கினார். வாங்கியதுமே முகம் மாறிவிட்டது. "இன்னா சார், கனமே இல்ல. உள்ள காத்தா கீது?" என்றார்.

"இப்ப வர்றதெல்லாம் இப்படித்தாண்ணா. உள்ள சரக்கு நல்ல சரக்கு. நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. மில்லில் மோட்டார் எரிந்தால், உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி வாங்க வெளியே ரீவைண்டிங்குக்கு அனுப்புவார்கள். போகும்போது எடை போடுவார்கள், வரும்போதும் எடை போடுவார்கள். குறைந்திருந்தால் செம்பைத் திருடிவிட்டு அலுமினியத்தைச் சுற்றிவிட்டான் என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான், வெல்டிங் மிஷினும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் அவருக்குத் தராசுகூடத் தேவையில்லாமல் போய்விட்டது. கையில் தூக்கினாலே சொல்லிவிடுவார், மில்லிலும் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேர். கனமாக இருந்தால் யோக்கியமான சரக்கு, லேசாக இருந்தால் திருட்டு. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதுவரை அது பொய்த்ததே கிடையாது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சின்னக் கடையில் வேறு ஒன்று கிடைத்தது. பேர் கேள்விப்படாத பேர். அவர் அதைத் தூக்கினார். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "புடிச்சிப் பாரு" என்று என் கையில் கொடுத்தார். நல்ல கனம். "இதான்மே சரக்கு. உள்ள கம்பிச் சுருளு கீது, செம்பு கீது. இது நம்ம பாப்பா கல்யாணம் வரைக்கும் ஓடும்" என்றார். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நல்லபடியாக என்றால் உயிர் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மகள் அவர் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் சொல்ல நினைப்பதைப் போனில் டைப் செய்வார், போன் அதை ஒரு பொம்பளைக் குரலில் நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கும். "நான் உன் அப்பா. பயப்படாதே" என்று அது வாசித்ததும் அவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் அந்தப் பெட்டியைச் சேர்த்து மாட்ட உட்கார்ந்தார். கீழே குனிய முடியாது, கழுத்துத் துளையில் தூசி போய்விடும். மேசை மேல் வைத்து, ஈரத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினார். ஒரு நாள் டிவியில் அவர் முகம் வந்தது. "ஏந்திரிமா கண்ணு" என்றது டிவி. மகள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "நைனா!" என்று கத்தினாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதுதான். டிவியில் அவர் எழுப்புவார், பல் தேய்க்கச் சொல்வார், நண்டுக் கதை சொல்வார். நிஜமான அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குச் சரியாக வாயை அசைப்பார். அவள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். கழுத்துக் கட்டைக் கண்டு பயப்படுவதும் நின்றுவிட்டது. மடியில் ஏறிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

போன் இன்னும் நிறைந்தேதான் இருந்தது. அவர் டைப் செய்தால் ஒவ்வொரு எழுத்தும் வருவதற்குள் எரிச்சல் வரும். கடையில் பால் பாக்கெட் கேட்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். பேச்சு போனவனுக்குப் போன்தானே வாய்? அதனால் பெட்டியில் எல்லா வீடியோவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு, போனில் இருந்ததை அழித்தார். இரண்டு டிஸ்க் இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்றைக்கு மில்களில் இரும்பு உருக்குகிற ஃபர்னஸ் எல்லாம் நின்றிருக்கும், அதனால் எங்கள் பக்கத்தில் வோல்டேஜ் எகிறும். கரண்டு போயிற்று, வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. மேசையில் இருந்த பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னவோ என்று திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மூக்கு வழியாக மூச்சு இல்லாததால் அவருக்கு வாசனை தெரியாது. கருகுகிற நாற்றம் எனக்குத்தான் தெரிந்தது. "ஐயோ, எரியுதுய்யா, எரியுதுய்யா" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினார். நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து மூடியைத் திறந்தார். நானும் பார்த்தேன். உள்ளே பாதி இடம் காலி. ஒரு ஓரமாகச் சின்ன போர்டு, நூல் மாதிரி வயர். இன்னொரு பக்கம், தகட்டோடு தகடாகப் பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. பட்டையாக வெட்டிய வெறும் இரும்பு. எதோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. எடைக்காக வைத்தது.

அவர் அதைப் பெயர்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது எழுதுவார் என்று போனை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. அந்தக் கடைக்காரனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என்னை நிறுத்தச் சொன்னாரா, அவனைத் திட்டாதே என்றாரா என்று எனக்குத் தெரியவில்லை.

டிஸ்க் இரண்டும் சுற்றவில்லை. வேறு லாட்டில், வேறு கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து கரண்டு குடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அழிந்ததை எடுத்துத் தருகிற இடம் ஒன்று சொன்னார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். வெளியே இருக்கிற போர்டு மட்டும் எரிந்திருந்தால் மாற்றிவிடலாம், உள்ளே படிக்கிற முனை வரைக்கும் போயிருந்தால் கஷ்டம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் என் புருஷனின் கழுத்தைக் காட்டி, "இவரு பேச்சு" என்றேன்.

அவர்கள் பார்த்துச் சொல்கிற வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. இவர் குரல் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் வீடியோக்காரன் பாட்டைப் போட்டு ரொப்பியிருக்கிறான், ஒரு மனுஷப் பேச்சு கிடையாது. மில்லில் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன். ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்த வீடியோவில் இவர் கை தட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற பழக்கமே இவருக்கு இருந்ததில்லை. எதுவென்றாலும் போன் போட்டுவிடுவார், "இன்னாமே, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அதையெல்லாம் யார் பதிவு செய்து வைப்பார்கள்? மகள் மட்டும் தினமும் காலையில் டிவியைக் காட்டி, "நைனாவைப் போடு" என்றாள். ரிப்பேர் என்றேன். சரி என்று கேட்டுக்கொண்டாள்.

சென்னையிலிருந்து போன் வந்தது ஒரு சாயங்காலம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் கீழே உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டையும் திறந்து பார்த்தார்களாம். வேறு முனை மாற்றியும் பார்த்தார்களாம். ஒரு வீடியோகூட எடுக்க முடியவில்லையாம். மன்னிச்சிக்கோங்கம்மா என்றார் அந்த ஆள். போனை வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்து என்ன செய்ய?

"ரெண்டும் பூச்சாம்யா" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, முகம் சிவந்து கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கத்தினார். துளையிலிருந்து புஸ்ஸென்று காற்று மட்டும் வந்து கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தூக்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கத்தினார். நான் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் அசைவதைப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, எழுந்து அவர் காலருகில் வந்து நின்றாள்.

"இப்ப சொல்லு நைனா" என்றாள்.